24 பக்கங்களுக்குள் ஒரு கதை: சிறார் படக்கதை நூலை எழுதி, வரைந்து, வெளியிடும் வழி

சிறுவர்களுக்கான படக்கதை நூலில் எழுதுபவரும் வரைபவரும் ஒருவராகவே இருந்தால் வேலை பாதியாகக் குறைந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அது கூடத்தான் செய்கிறது. எழுதுபவர் ஒருவர், வரைபவர் வேறொருவர் என்றால், இருவருக்கும் நடுவில் பதிப்பாசிரியர் நின்று, 'இந்த வரியைப் படமே சொல்லிவிடுகிறது, எடுத்துவிடலாம்' என்று சொல்லுவார். ஒருவரே இரண்டையும் செய்யும்போது அந்தக் கத்தரிக்கோலையும் அவரே கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. தான் எழுதிய வரியை வெட்ட மனம் வராதவர், எவ்வளவு நன்றாக வரையத் தெரிந்தவராக இருந்தாலும், கடைசியில் படம் போட்ட சிறுகதை ஒன்றைத்தான் செய்து முடிப்பார். படக்கதை நூல் என்பது வேறு வடிவம். அதில் எழுத்து பாதியைச் சொல்ல வேண்டும், படம் மீதியைச் சொல்ல வேண்டும், இரண்டும் ஒன்றையே சொல்லிவிடக் கூடாது.

காகிதத்திலிருந்து தொடங்குங்கள்

கதையை எழுதிவிட்டுப் பக்கங்களைப் பிரிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. அச்சகத்தில் பெரிய தாளில் பல பக்கங்களை ஒன்றாக அச்சிட்டு, மடித்து, வெட்டிப் புத்தகமாக்குகிறார்கள். அதனால் பக்க எண்ணிக்கை 8-இன் மடங்காக வருவதே வழக்கம். 16, 24, 32 என்பவைதான் படக்கதை நூலின் இயல்பான அளவுகள். உலக அளவில் 32 பக்கம் பரவலாக இருந்தாலும், நம் ஊரில் விலையைக் கட்டுக்குள் வைப்பதற்காக 24 பக்கமும் 16 பக்கமும் நிறைய வெளிவருகின்றன. உங்களுக்குத் தோன்றிய கதை 19 பக்கத்தில் முடிந்தால், அதை நீட்டவோ சுருக்கவோ வேண்டியது உங்கள் பொறுப்பு.

24 பக்கப் புத்தகத்தில் முதல் பக்கம் தலைப்புக்கும் கடைசிப் பக்கம் பதிப்பு விவரங்களுக்கும் போய்விட்டால், நடுவில் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருக்கும் 11 இரட்டைப் பக்கங்கள் மிஞ்சும். குழந்தைக்கு ஒரு பக்கம் என்று எதுவும் கிடையாது, விரித்த புத்தகம்தான் அதன் கண்ணில் படுகிறது. ஆகவே உங்கள் கதைக்கு 11 காட்சிகளும், 10 முறை பக்கம் திருப்புவதும்தான் இருக்கின்றன என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாள் ஆறை எடுத்து, ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு இடத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்தால் 24 பக்க டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், தயார். இந்த டம்மியில் பென்சிலால், குச்சி மனிதர்களை வைத்து, அழகைப் பற்றிக் கவலையே படாமல் கதையை வரையுங்கள். ஒரு கதைக்கு நான் குறைந்தது நான்கு டம்மிகளாவது செய்கிறேன். அவற்றுள் முதல் இரண்டு எப்போதும் பழைய காகிதக் கட்டில்தான் போய்ச் சேர்கின்றன.

டம்மியை மடியில் வைத்துத் திருப்பிப் பார்க்கும்போது, வரிசையாகத் தாளில் எழுதியபோது தெரியாத ஒன்று தெரியும்: எந்த இடத்தில் குழந்தையின் விரல் அடுத்த பக்கத்துக்குப் போக அவசரப்படுகிறது, எந்த இடத்தில் போகாமல் நிற்கிறது என்பது. எதிர்பார்ப்பை ஏற்படுத்துகிற வரி வலது பக்கத்தின் கீழே வர வேண்டும், அதற்கான விடை திருப்பியபின் வர வேண்டும். விடையும் கேள்வியும் ஒரே விரிப்பில், அதாவது ஒரே இரட்டைப் பக்கத்தில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கதையில் திருப்புவதற்கு வேலையே இல்லை.

ஒரு காட்சியை வெட்டிப் பார்ப்போம்

பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரு காட்சியை எடுத்துக்கொள்வது நல்லது. முத்து என்ற சிறுவனை அவன் அம்மா மளிகைக் கடைக்கு அனுப்புகிறாள். வாங்க வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறாள். வழியில் ஆடு ஒன்று அந்தச் சீட்டைத் தின்றுவிடுகிறது. முதல் வரைவில் நான் எழுதியது இப்படி இருந்தது:

'முத்து அம்மா கொடுத்த சீட்டைத் தன் நீலநிறக் கால்சட்டையின் பின்பையில் வைத்துக்கொண்டு தெருவில் மகிழ்ச்சியாக நடந்துகொண்டிருந்தான். அப்போது ஒரு வெள்ளாடு மெதுவாக அவன் பின்னாலேயே வந்து, சீட்டின் ஓரத்தைக் கடித்துத் தின்னத் தொடங்கியது. பாவம், முத்துவுக்கு இது தெரியவே தெரியாது.'

இதில் கால்சட்டையின் நிறத்தைப் படம் காட்டிவிடும். மகிழ்ச்சி அவன் நடையில் தெரிந்துவிடும். ஆடும் சீட்டும் படத்தில் இருக்கின்றன. 'பாவம், தெரியாது' என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம். குழந்தை தானாகக் கண்டுபிடித்துக் கத்த வேண்டிய ஒன்றை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம். ஐந்தாவது டம்மியில் அந்த விரிப்பில் எஞ்சியது இவ்வளவுதான்:

'உப்பு, புளி, வெல்லம். உப்பு, புளி, வெல்லம்.'

முத்து மனப்பாடம் செய்துகொண்டே நடக்கிறான், ஆடு பின்னால் வருகிறது, எழுத்து ஆட்டைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. வாசித்துக் காட்டும் பெரியவர் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான்கு வயதுக் குழந்தை 'ஆடு! ஆடு தின்னுது!' என்று குதிக்கும்; எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு, படிக்கத் தெரிந்தவரைவிட அதிகம் தெரிந்திருக்கிற அந்த நிமிடம் வேறு எந்த இலக்கிய வடிவத்திலும் கிடைக்காது. அடுத்தடுத்த விரிப்புகளில் சீட்டு சிறிதாகிக்கொண்டே வருகிறது, முத்துவின் நாக்கும் குழறுகிறது: 'உப்பு, புலி, வெல்லம்.' வலது பக்கத்தின் கீழே அவன் கடைக்காரரிடம், 'அண்ணாச்சி, கால் கிலோ புலி குடுங்க' என்கிறான். திருப்பினால், கடைக்காரர் தராசில் புலி உட்கார்ந்திருக்கிறது, அங்கே எழுத்தே இல்லை.

உங்கள் வரைவில் ஒவ்வொரு வரியின் எதிரிலும், 'இது படத்தில் தெரியுமா?' என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். தெரியும் என்றால் வரியை அடியுங்கள். பேச்சு, ஒலி, காலம், மனதுக்குள் ஓடுவது, பெயர் ஆகியவை பெரும்பாலும் எழுத்தின் பங்கு. நிறம், இடம், உடை, முகபாவம், வானிலை ஆகியவை படத்தின் பங்கு. அடித்தபின் எதுவும் புரியாமல் போனால் மட்டும் வரியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

வாய்விட்டுப் படிக்கிற தமிழ்

படக்கதை நூலை முதலில் படிப்பவர் பெரியவர், கேட்பவர் குழந்தை. ஆகவே நாக்கில் புரளாத சொல் கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன்படாது. 'எடுத்துக்கொண்டோடிவிட்டான்' என்று ஒரே மூச்சில் சேர்த்து எழுதுவதைவிட, 'எடுத்தான். ஓடினான்.' என்று பிரித்து எழுதுவது கேட்பவருக்கும் எளிது, புதிதாக எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் எளிது. 'சென்றான்' என்பதற்குப் பதில் 'போனான்', 'உணவு அருந்தினான்' என்பதற்குப் பதில் 'சாப்பிட்டான்' என்று எழுதினால் இலக்கணம் எதுவும் கெட்டுவிடாது. உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதலாமா என்பதில் பதிப்பாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கதை சொல்பவரின் குரலை எழுத்துத் தமிழிலும், பாத்திரங்களின் பேச்சை எல்லா வட்டாரத்தாருக்கும் புரியக்கூடிய பேச்சுத் தமிழிலும் வைப்பது எனக்கு ஒத்துவருகிறது. மடமட, சளசள, தொபுக்கடீர் என்று ஒலிக்குறிப்புகளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை, கூச்சப்படாமல் அள்ளிக்கொள்ளலாம்.

ஒரு முடிவை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். புளி, புலி என்ற விளையாட்டு தமிழுக்குள் மட்டுமே நடக்கும். தெலுங்கிலோ இந்தியிலோ அந்த நகைச்சுவை செத்துவிடும். இந்தியாவில் படக்கதை நூல்களைப் பெருமளவில் வெளியிடும் பல நிறுவனங்கள் ஒரே படங்களை வைத்துப் பல மொழிகளில் அச்சிடுகின்றன. சென்னையில் 1996-இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் ஒன்பது மொழிகளில் நூல்களை வெளியிட்டுவருகிறது. அப்படிப்பட்ட பதிப்பகத்துக்கு அனுப்பும் கதை சொல் விளையாட்டை மட்டுமே நம்பி நிற்கக் கூடாது. தமிழில் மட்டும் வெளியிடுகிறவர்களுக்கு அனுப்புவதாக இருந்தால் தாராளமாக விளையாடலாம். இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்விக்குள் நான் போகவில்லை, எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்பது தெரிந்திருந்தால் போதும்.

படங்களை முடிக்கும்போது

இறுதிப் படத்தைத் தொடங்குமுன் முக்கியப் பாத்திரத்தை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், உட்கார்ந்த நிலை, அழுகிற முகம், சிரிக்கிற முகம் என்று ஒரே தாளில் வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். மூன்றாம் பக்கத்தில் இரண்டு பட்டன் வைத்த சட்டை எட்டாம் பக்கத்தில் மூன்று பட்டனாக மாறினால் பெரியவர்கள் கவனிக்கமாட்டார்கள், குழந்தைகள் கண்டுபிடித்து உங்களிடமே வந்து கேட்பார்கள். தலைக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் பக்கத்துக்குப் பக்கம் மாறுவதுதான் புதிய ஓவியர்களின் மாதிரிகளில் பதிப்பாசிரியர்கள் முதலில் பார்க்கிற குறை.

அளவுகளில் கண்டிப்பாக இருங்கள். எட்டரை அங்குலச் சதுரப் புத்தகம் என்றால் இரட்டைப் பக்கம் 17 அங்குல அகலம். அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அடர்த்தியில் அது 5,100 பிக்சல். இதற்குக் குறைவாக டிஜிட்டலில் வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் கோடுகள் மங்கிப்போகும். நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்து விட வேண்டும். வெட்டும்போது கத்தி சற்று நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமல் இருப்பதற்காக அந்த இடம். திரையில் பளபளக்கும் கிளிப்பச்சையும் மின்னல் நீலமும் அச்சின் நான்கு மைகளில் வராது, மந்தமாகிவிடும். ஆகவே தொடக்கத்திலிருந்தே சிஎம்ஒய்கே எனப்படும் அந்த நான்கு மை நிறங்களில் பார்த்துக்கொண்டு வேலை செய்வது ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

நடு மடிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என் முதல் புத்தகத்தின் மிக நல்ல விரிப்பில் ஆட்டின் முகத்தைச் சரியாக நடுவில் வரைந்திருந்தேன். புத்தகம் கட்டி வந்தபோது ஒரு கண் மடிப்புக்குள் விழுங்கப்பட்டு, ஒற்றைக்கண் ஆடாக அது இன்றும் விற்பனையாகிக்கொண்டிருக்கிறது. முகம், கை, எழுத்து ஆகியவற்றை மடிப்பிலிருந்து குறைந்தது ஒரு சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள்.

அதே புத்தகத்தில் செய்த இன்னொரு தவறுக்கு அதிக விலை கொடுத்தேன். மளிகைக் கடைப் பலகை, சுவரொட்டி, பேருந்தின் பெயர்ப்பலகை எல்லாவற்றிலும் அழகழகாகத் தமிழ் எழுத்துகளைப் படத்தோடு படமாக வரைந்துவைத்தேன். பதிப்பகம் மற்ற மொழிகளில் கொண்டுவர விரும்பியபோது ஆறு விரிப்புகளைத் திருத்தி வரைய வேண்டியிருந்தது. பல மொழிப் பதிப்பு எப்படி அச்சாகிறது என்பது தெரிந்திருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது: நிறப் படங்களுக்கான பிளேட்டுகள் (அச்சுத் தகடுகள்) எல்லா மொழிக்கும் பொதுவாக இருக்க, எழுத்தைத் தனிக் கறுப்பில் வைத்து அந்தக் கறுப்புப் பிளேட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவதுதான் செலவு குறைந்த வழி. ஆகவே எழுத்தைப் படத்துக்குள் வரையாதீர்கள், நிறத்தில் கேட்காதீர்கள், இருண்ட பின்னணியில் வெள்ளையாக வைக்கவும் ஆசைப்படாதீர்கள். ஆங்கிலத்தைவிடத் தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், எழுத்துக்கு ஒதுக்கும் வெற்றிடத்தையும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். 24 பக்கத்தின் இறுதிப் படங்களுக்கு எனக்கு நான்கு மாதங்கள் பிடிக்கின்றன, வேறு வேலையும் பார்த்துக்கொண்டு.

எங்கே, எதை அனுப்புவது

முழுப் புத்தகத்தையும் வண்ணம் தீட்டி முடித்துவிட்டு அனுப்ப வேண்டியதில்லை, அனுப்பவும் கூடாது. ஏனெனில் பதிப்பாசிரியர் மாற்றம் சொன்னால் நான்கு மாத வேலை வீணாகும். எழுத்து முழுவதும், பென்சில் டம்மியின் பிடிஎஃப், முழுதாக வண்ணம் தீட்டிய இரண்டு விரிப்புகள், பாத்திரத் தாள் ஒன்று, உங்களைப் பற்றி நான்கைந்து வரி ஆகியவை போதும். அந்தப் பதிப்பகம் அண்மையில் வெளியிட்ட பத்து நூல்களையாவது நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு அனுப்புங்கள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. புத்தகங்களைப் பார்ப்பதோடு, எந்தப் புத்தகத்தைக் குழந்தைகள் கையிலெடுத்து எந்தப் பக்கத்தில் கீழே வைக்கிறார்கள் என்பதையும் அங்கே பார்க்கலாம்.

ஒவ்வொரு பதிப்பகமும் ஒவ்வொரு மாதிரி. 1994-இல் சென்னையில் தொடங்கிய தாரா புக்ஸ், கையால் செய்த தாளில் திரை அச்சு முறையில் நூல்களை உருவாக்கி உலகப் பெயர் பெற்றது; நாட்டுப்புற, பழங்குடி ஓவிய மரபுகளோடு சேர்ந்து வேலை செய்வது அவர்களின் தனித்தன்மை. 1957-இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் பல மொழிகளில் வெளியிடுகிறது. 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015-இல் ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தைத் திறந்து, கதைகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டுவருகிறது. அந்த உரிமத்தின்கீழ் உங்கள் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் நூலை மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். தொடக்கத்தில் இருப்பவருக்கு இது நல்ல அறிமுகம், ஆனால் ஒருமுறை திறந்துவிட்டதைத் திரும்பப் பூட்ட முடியாது என்பது நினைவில் இருக்கட்டும். தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைகளில் நூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. அத்தகைய நூல்களையும், ஊஞ்சல், தேன்சிட்டு ஆகிய பள்ளி மாணவர் இதழ்களையும் புரட்டிப் பார்த்தால் எந்த வயதுக்கு எவ்வளவு எழுத்து என்ற அளவு கைக்கு வந்துவிடும்.

இத்தாலியின் பொலோனியா நகரில் 1964 முதல் நடந்துவரும் சிறார் நூல் கண்காட்சி, ஓவியர்களிடமிருந்து ஐந்து படங்கள் கொண்ட தொடரைப் பெற்று ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்துக் காட்சிக்கு வைக்கிறது. தேர்வாகாவிட்டாலும், ஒன்றோடொன்று தொடர்புள்ள ஐந்து படங்களைக் கெடுவுக்குள் முடிக்கும் பயிற்சி வீணாகாது.

ஒப்பந்தமும் வருமானமும்

அம்புலிமாமா இதழ் 1947-இல் தொடங்கியது; விக்கிரமாதித்தனும் வேதாளமும் எப்படி இருப்பார்கள் என்று நமக்கெல்லாம் காட்டிய ஓவியர் சங்கர் பல்லாண்டுகள் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்தார்; 2020-இல் மறைந்த அவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நிறுவன வேலையில் இருந்துகொண்டு வாழ்நாள் முழுவதும் குழந்தைகளுக்கு வரையும் அந்த வாய்ப்பு இன்று அநேகமாக இல்லை. இப்போது எல்லாமே நூலுக்கு நூல் ஒப்பந்தம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூல் விலை 100 ரூபாய், ராயல்டி (விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் உங்களுக்கு வரும் பங்கு) 10 சதவீதம், 2,000 பிரதிகள் விற்றால் உங்களுக்கு 20,000 ரூபாய். அது விற்றுத் தீர இரண்டு ஆண்டுகள் ஆகலாம். எழுத்தும் படமும் உங்களுடையவை என்பதால் ராயல்டியைப் பங்கிட வேண்டியதில்லை, இந்தத் தொழிலில் இருவேடம் போடுவதன் முதன்மையான பொருளாதார லாபம் அதுதான். ஆயினும் ஓர் ஆண்டில் இரண்டு நூல்கள் செய்பவர் அதை மட்டும் நம்பி வீட்டு வாடகை கொடுக்க முடியாது. பாடநூல் படங்கள், இதழ்ப் படங்கள், பள்ளிப் பட்டறைகள், பிறர் கதைகளுக்கு வரைதல் என்று நான்கைந்து ஓடைகள் வேண்டும். அவற்றுள் குறைந்தது ஒன்று மாதந்தோறும் வருவதாக இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே 'எல்லா உரிமைகளும், எல்லா மொழிகளிலும், நிரந்தரமாக' என்று எழுதிக் கொடுத்தால்தான் நீங்கள் முழுதாக இழக்கிறீர்கள். நான் அப்படி ஒருமுறை எழுதிக் கொடுத்தேன். மொத்தமாக ஒரு தொகை கையில் வந்தது, மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அந்த நூல் பிறகு பலமுறை மறுபதிப்பு ஆனது, மறுபதிப்புகளிலிருந்து எனக்கு ஒரு ரூபாயும் வரவில்லை, கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. மொழிபெயர்ப்பு, ஒலிநூல், அசைவூட்டம், பொம்மை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பேசுங்கள். மூல ஓவியங்கள் உங்களுக்கே சொந்தம் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். உள்ளே எங்கோ பொடி எழுத்தில் போடாமல் ஓவியர் பெயரும் அட்டையில் வர வேண்டும் என்பதையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

சொந்தமாக வெளியிட நினைப்பவர்களுக்கு, நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடமிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. எண் வாங்குவதும் அச்சடிப்பதும் எளிது. ஆயிரம் பிரதிகளை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்கியபிறகுதான் கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய விலைத் தள்ளுபடி, திரும்பி வரும் பிரதிகள், பார்சல் செலவு என்று மற்றவை தொடங்கும். முதல் நூலுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அச்சுக்குப் போகுமுன், நிறங்களைச் சரிபார்க்க அச்சகம் தரும் நிறச்சான்றுத் தாளைப் பகல் வெளிச்சத்தில், சன்னல் ஓரத்தில் வைத்துப் பாருங்கள், குழல்விளக்கின் கீழே பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். நூல் வந்தபின் மூல ஓவியங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து, சுருட்டாமல், தட்டையாக அடுக்கி, விரிப்பு எண்ணைப் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். ஸ்கேன் கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் தனித்தனி இடத்தில் வைத்திருங்கள். ஒற்றைக்கண் ஆட்டின் மறுபதிப்புக்குப் பதிப்பகம் படங்களைக் கேட்டபோது அவர்களிடமிருந்த கோப்புகள் பழுதாகியிருந்தன. என் அலமாரியிலிருந்து எடுத்து ஸ்கேன் செய்துதான் அனுப்பினோம். ஆட்டை அப்போதாவது சற்று இடப்பக்கம் நகர்த்தியிருக்கலாம். நினைவு வருவதற்குள் அச்சேறிவிட்டது.